ஜன்னல் வழியாக எழுதிய நேரம்

12.2.1999, வெள்ளி. தவறியது: மூன்றாம் தொட்டியில் நெல் ஊறப்போட்ட நேரம் காலை ஏழு என்று எழுதினேன். பார்த்து எழுதவில்லை. கேட்டு எழுதினேன்.

அதுவரை எழுதிவிட்டு ஜாய்ஸ் பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள். கும்பகோணத்து மாலை வகுப்பு தொடங்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நிர்வாகப் பட்டயம் படிக்கிறவர்கள் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும்: செய்தது, தவறியது, நாளைக்கு என்று மூன்று தலைப்பு. மற்றவர்கள் வாரக் கடைசியில் ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார்கள். ஜாய்ஸால் அது முடியாது. 'கேட்டு எழுதினேன்' என்பது சாக்குச் சொல்வது போல் இருக்கிறதோ என்று அடித்தாள். அடித்தது இன்னும் மோசமாகத் தெரிந்தது. மேலே திரும்ப எழுதினாள்.

குடவாசலில் அவள் வேலை பார்க்கும் அரிசி ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸ் பெண் ஆபீஸைத் தாண்ட மாட்டாள். நெல்லை வெந்நீரில் ஊறப்போட்டு அவிக்கும் தொட்டிகள் களத்துக்கு அந்தப் பக்கம். காலையில் ஃபோர்மேன் மருதையன் ஜன்னலுக்கு வெளியே நின்று நேரத்தைச் சொல்வார். அவள் உள்ளே இருந்து பதிவேட்டில் எழுதுவாள். யாரும் போட்ட சட்டமில்லை. ஐந்து வருஷமாக அப்படித்தான். நெல் சுமக்கிற, காயவைக்கிற பன்னிரண்டு பேரும் பெண்கள்தான் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. அவளுக்கும்தான்.

மேலாளர் ஜாஃபர் சாதிக்குக்கு ஷார்ஜா விசா வந்துவிட்டது. ஒன்றாம் தேதி விமானம். சாவிக்கொத்து யாருக்கு என்று திங்கட்கிழமை சொல்வதாக முதலாளி அப்துல் வஹாப் சொல்லியிருந்தார். ஜாய்ஸுக்கா, இல்லை, அவளுக்கு மூன்று வருஷம் பின்னால் வந்து அவளிடமே வேலை பழகிய ரெஜினுக்கா? ஜாஃபர் லீவில் போனபோதெல்லாம் ஆலையை ஓட்டியவள் ஜாய்ஸ். ஆனால் தொட்டியடியில் மருதையனோடு டீ குடிக்கிறவன் ரெஜின்.

இன்று காலை மருதையன் வழக்கம்போல, "மூணாம் தொட்டி, ஏழு மணிம்மா" என்றார். எழுதினாள். ஊற வேண்டியது நாலு மணி நேரம். ஏழோடு நாலைக் கூட்டி, பதினொன்றுக்குத் தண்ணீரை வடிக்கச் சொன்னாள். வடித்ததும் புளித்த வாடை ஆபீஸ் வரைக்கும் வந்தது.

களத்தில் வேலை செய்யும் ராமாயி, தலையில் சும்மாட்டோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏம்மா, நாங்க விடியக்கால நாலு மணிக்கே கொட்டிட்டோம். கரண்டு இருக்கிறப்பவே போட்டுடலாம்னு ராத்திரி ஆளுங்க சொன்னாங்க. மருதையன் வந்ததே எட்டு மணிக்கு. எப்பவும் சொல்ற நேரத்தையே சொல்லிட்டுப் போயிட்டாரு."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அக்கா."

"எங்களை யாரு கேட்டா? நீதான் கூண்டுக்குள்ள வச்ச மாதா மாதிரி கம்பிக்கு உள்ளார உக்காந்திருக்கியே."

முதலாளி கூப்பிட்டார். எழுந்தபோது ரெஜின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மருதையண்ணன் சொன்னதைத்தான் எழுதினேன்னு சொல்லிடுங்கக்கா. உங்க பேரு கெடாது."

உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால், சொன்னதை எழுதுகிற பெண் என்று ஆகிவிடும். சாவி அத்தோடு போகும். தன் தவறு என்றாலும் போகும். முதலாளி அறைக்குப் போவதற்குள் இரண்டையும் நாலு முறை எடைபோட்டுப் பார்த்தாள்.

மருதையன் முன்பே அங்கே நின்றிருந்தார். வஹாப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

"புஸ்தகம் ஏழுங்குது. மூக்கு வேற சொல்லுது. எதும்மா நிஜம்?"

"மூக்குதான் முதலாளி. நாலு மணிக்குப் போட்டிருக்காங்க. நான் பாக்காம எழுதிட்டேன்." அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வரவில்லை. "இன்னைக்கு மட்டும் இல்ல. அஞ்சு வருஷமா அந்தப் புஸ்தகத்துல எழுதின எந்த நேரத்தையும் நான் பாத்தது இல்ல."

மருதையன் தரையைப் பார்த்தார். வஹாப் பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் அவளுடைய ஒழுங்கான கையெழுத்து.

"இதுக்குத்தாம்மா யோசிக்கிறேன். மேனேஜர்னா தொட்டியடியில நிக்கணும். விடியக்கால நாலு மணிக்கு நீ எப்படி வருவே? ரெஜின் வண்டி வச்சிருக்கான், ஆம்பளைப் பையன், எப்ப வேணா வந்துடுவான்."

"இதுவரைக்கும் எத்தனை நாள் வந்திருக்காரு முதலாளி?"

வாசலில் நின்ற ரெஜின் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். மருதையன்தான் வாயைத் திறந்தார். "டீக்குத் தவறாம வந்துடுவான் முதலாளி. ஒன்பது மணி டீக்கு."

வஹாப் சிரிக்கவில்லை. "சரி. நாளையிலேருந்து மூணு நாள், நாலு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. ஆளுக்கொரு நோட்டு. திங்கக்கிழமை சாயங்காலம் ரெண்டையும் பாத்துட்டு சாவியைத் தர்றேன்."

ஐந்து வருஷம் செய்த வேலைக்கு மூன்று நாள் பரீட்சை. அதற்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று பஸ்ஸில் வரும்போதும் அவளுக்குப் பிடிபடவில்லை. மருதையன் பெயரைச் சொல்லாமல் விட்டது நல்ல மனசா, சாமர்த்தியமா என்பதும் தெரியவில்லை. காலையில் ஆலைக்கு வரும் முதல் பஸ் ஐந்தே முக்காலுக்குத்தான் என்பது மட்டும் தெரிந்தது.

அதனால்தான் ஆலையை விட்டுக் கிளம்புமுன் முதல்முறையாகக் களத்தில் இறங்கி நடந்திருந்தாள். காயும் நெல்லின் சூடு செருப்பையும் மீறி ஏறியது.

"அக்கா, நீங்க எல்லாரும் எங்க தெரு வழியாத்தானே நடந்து வர்றீங்க?"

"ஆமா, மூணரைக்கு." ராமாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வாசல்ல நில்லு. நாங்க உனக்காக நிக்க மாட்டோம். நடையிலேயே சேந்துக்க."

வகுப்பில் மணி அடித்தார்கள். ஜாய்ஸ் அவசரமாகக் கடைசித் தலைப்புக்கு வந்தாள்.

நாளைக்கு: மூன்று மணிக்கு எழ வேண்டும். மூன்றரைக்கு முன்னால் வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் நெல் விழுவதைப் பார்த்து, என் கடிகாரத்தில் நேரம் பார்த்து எழுத வேண்டும்.