நாலு கோடி வருஷத்துக் கொசு

"என் டிகிரி சர்ட்டிபிகேட்ட குடுங்க சார். ஒரிஜினல்."

கேட்டேவிட்டாள் பேபி. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய அப்பா கன்னியப்பன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியது இந்த ஒன்றைக் கேட்கக் கூடாது என்றுதான். "லீவு கேளு, இன்னா வோணா கேளு. அந்தக் காய்தத்த மட்டும் திருப்பிக் கேக்காத. கேட்டா ஓடப்போறன்னு நென்ச்சுக்குவாரு சின்ன மொதலாளி. அவுங்கப்பாரு நெலத்துல நா முப்பது வருசம் கூலிக்கு நின்னவன். அந்த மூஞ்சிக்கோசரம்தான் உனுக்கு வேல குடுத்துகீறாரு."

சின்ன முதலாளி ஜானகிராமன் அந்த நிலத்தை விற்று, நசரத்பேட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் போட்டு, ரெசின் என்கிற கண்ணாடிப் பிசினை அச்சில் ஊற்றும் தொழில் நடத்திக்கொண்டிருந்தார். ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக் கூடாது என்று படிப்புச் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். ஜானகிராமனும் பேபியுடையதை அப்படித்தான் வாங்கிக்கொண்டார். அவள் குடும்பத்தில், ஏன், அவள் தெருவிலேயே, அப்படி ஒரு காகிதம் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் அது பதினோரு நாள்தான் இருந்தது.

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை? கொசு பிடிக்கிற வேலை.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். டைனோசர் ரத்தம் குடித்த கொசுவை வைத்து ஒரு சினிமா வந்து, ஊரெல்லாம் டைனோசர் பைத்தியம் பிடித்திருந்தது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மரத்திலிருந்து வடிந்த பிசினில் பூச்சி மாட்டிக்கொண்டு, பிசின் கல்லாகி, அம்பராகி, பூச்சி அப்படியே இருக்கும் என்கிற சங்கதி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்துபோயிற்று. அதுவரை ரோஜாப்பூ வைத்துப் பேப்பர் வெயிட் ஊற்றிக்கொண்டிருந்த ஜானகிராமன், மஞ்சள் சாயம் கலந்து, நடுவில் கொசு வைத்து, கீ செயின் போட ஆரம்பித்தார். டப்பாவின் மேல் 'அம்பர்' என்று அச்சடித்தார். பாக்கிங் பெண்கள் அதைக் கோந்து என்றார்கள்.

பேபி பின்பக்கத்துச் சாக்கடை ஓரம் சாயங்காலம் சோதனைக்குழாயோடு நின்று கொசு பிடிப்பாள். மறுநாள் அச்சில் பாதி ரெசின் ஊற்றி, அது தயிர் பதத்துக்கு வந்ததும், ஊசி முனையில் எடுத்துக் கால் ஒடியாமல் படுக்கவைத்து, மீதியை ஊற்றுவாள். ஒருநாள், "கடிக்கிறது பொம்பளக் கொசு சார். இது மீசை வெச்ச ஆம்பளக் கொசு, ரத்தமே குடிக்காது" என்றதற்கு, "யாரு பாக்கப்போறா, போடு" என்றார்.

ரெசின் நாற்றத்துக்காக அவளைப் பின்னறையில் தனியே உட்காரவைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு உள்ளே போனால் ஐந்தரை வரை பேச ஆள் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் பாக்கிங் பெண்கள் புங்கமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். அவள் வந்தால் வட்டம் விரியாது. கொஞ்சம் நேராகும், அவ்வளவுதான். படித்தவள் என்பதாலா, இன்ன தெருக்காரி என்பதாலா என்று ஆரம்பத்தில் யோசித்தாள். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டுப் பின்னறையிலேயே சாப்பிட்டாள். வீட்டுப் பக்கம் கூடப் படித்த பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகி இடுப்பில் பிள்ளை. அவர்களும் இவளைக் கண்டால், "வாங்க டீச்சரம்மா" என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள்.

டீச்சர் ஆவதற்குத்தான் இப்போது அழைப்பு வந்திருந்தது. பி.எட். சேர்க்கை, வெள்ளிக்கிழமை பத்து மணி, அசல் சான்றிதழுடன் வரவும். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

ஜானகிராமன் கோபப்படவில்லை. சிரித்தார். "நானே கூப்ட்டுக் காட்டலாம்னு இருந்தேன். நீயே வந்துட்ட. திரும்பிப் பாரு."

அவர் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில், புதிதாக அடித்த இரண்டு கொக்கியில், ஸ்லேட்டு மாதிரி ஒரு பலகை மாட்டியிருந்தது. தடிமனாக, தேன் நிறத்தில். அதற்குள் அவள் பட்டம்.

கிட்டே போய்ப் பார்த்தாள். ரெசின் ஊறிக் காகிதம் எண்ணெயில் நனைத்தது போல் ஊடுருவித் தெரிந்தது. அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது. மையால் எழுதிய அவள் பெயருக்கு மட்டும் ஓரமெல்லாம் பூனைமயிர் முளைத்திருந்தது. கையெழுத்து இருந்த இடத்தில் நீலமாக ஒரு கசிவு, அதன் மேல் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு காற்றுக் குமிழி.

"போன வாரம் உனுக்கு ஜொரம்னு ரெண்டு நாள் வரல பாரு, அப்ப பட்டறைப் பையன் வேம்புலிய வெச்சு ஊத்தினேன். லேமினேசன்லாம் ரெண்டு வருசத்துல உரிஞ்சு பூடும். இது சாவாது. உங்க ஊட்ல வெச்சிருந்தா எலி தின்னுட்டிருக்கும்."

மனசார மரியாதை செய்துவிட்டதாகத்தான் அவர் நம்பினார். முகத்தில் தெரிந்தது.

"எதுக்கு சார்?"

"பம்பாய் பார்ட்டி வருது பதினொரு மணிக்கு. எக்சிபிசன்ல ஸ்டால் போடறாங்க. இது நெஜ அம்பர்னு யார் சொன்னதுன்னு கேப்பாங்க இல்ல? இதோ, எங்க சயின்டிஸ்ட்டுன்னு செவுத்தக் காட்டுவேன்." மேசையிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்தது: நாலு கோடி வருஷப் பழமையான அம்பர், பரிசோதித்தவர் க. பேபி, பி.எஸ்ஸி. கீழே ஒரு கோடு. "அதுல கையெழுத்து மட்டும் போட்டுடு."

"இது அம்பர் இல்ல சார்."

"கலர் அம்பர்தான?"

"அப்ப கலர்னு போடுங்க. நாலு கோடி வருசம்னு போட்டுக்கீறீங்க. அதுக்குள்ள கீற கொசுவ நா முந்தாநாத்து சாயங்காலம் புடிச்சேன்."

கல்லூரி மியூசியத்தில் அசல் அம்பரை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். திராட்சை அளவு. உள்ளே அரை எறும்பு. லென்ஸ் வைத்து மணி அடிக்கும் வரை பார்த்தாள். அழகாகவே இல்லை, கலங்கலாக இருந்தது. ஆனால் அந்த எறும்பை யாரும் ஊசியால் படுக்கவைக்கவில்லை.

"எனக்கு நாளைக்கு இன்டர்வியூ சார். ஒரிஜினல் இல்லாம உள்ள வுட மாட்டாங்க."

"தொலஞ்சு பூட்ச்சுன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடு. நா ஒரு வார்த்த சொல்றேன். மூணு மாசத்துல டூப்ளிகேட் வரும். பி.எட்டு எங்க பூடப்போது, அடுத்த வருசம் படி."

"தொலையல சார். செவுத்துல மாட்டிகினு கீது."

வேலையிடத்தில் அவள் கவனமாகப் புத்தகத் தமிழை ஒட்டிப் பேசுவாள். அது இப்போது உதிர்ந்துவிட்டது. எடுத்து ஒட்டவைக்க அவளுக்கு நேரமில்லை. "நீங்க எழுதிக் குடுங்க. கம்பெனி லெட்டர்ல. பேபியோட சர்ட்டிபிகேட்ட நா வாங்கி வெச்சிருந்தேன், அவள ஒரு வார்த்த கேக்காம ரெசின்ல ஊத்திட்டேன்னு. அத்தயும் இந்தப் பலகையயும் எடுத்துகினு நா போயி நிக்கிறேன்."

ஜானகிராமனின் சிரிப்பு இப்போதுதான் நின்றது. "நா எழுதணுமா? உனுக்கா?"

"ஆமா சார்."

"உங்கப்பன் எங்க ஊட்டு வாசல்ல செருப்புப் போட்டுகினு ஒருநாளும் நின்னதில்ல, தெரியுமா? அவன கூப்ட்டு அனுப்பட்டா?"

"அனுப்புங்க. போட்டுகினு வரச் சொல்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்பா வருவார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் வருவார். வந்து கும்பிடுவார். ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தப்பு செய்தவன் மாதிரி இவளைப் பார்ப்பார். பட்டம் என்றால் என்ன, அதன் மேல் பெயர் கலைந்தால் என்ன என்று சொல்லிப் புரியவைக்க அந்த வீட்டில் ஆளில்லை. இங்கேயும் ஆளில்லை. இந்தக் கோபத்தைப் பாதி பிட்டுக் கொடுக்க அவளுக்கு உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்று அந்த நிமிஷம் சுத்தமாகப் புரிந்தது. புரிந்ததும் ஏனோ லேசாக இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"ஏய், அது கம்பெனி பொருளு!"

"ரெசின் உங்குளுது சார். சொரண்டி எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்குங்க. உள்ள கீற காய்தம் என்னுது."

அம்மிக்கல் கனம் கனத்தது. இறங்கும்போது முழங்கை சுவரில் சிராய்த்தது. ஜானகிராமன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். வந்தவர் அவளைத் தொட யோசித்து நின்றார். அந்த யோசனை அவளுக்குப் பழக்கமானதுதான். இன்றைக்கு அதனால் ஒரு உபகாரம்.

"பார்ட்டி வர்ற நேரம் பேபி. கையெழுத்து கூட வேணாம், அத்த மட்டும் வெச்சிட்டுப் போ. சாய்ங்காலம் வந்து எடுத்துக்க."

பலகையோடு பாக்கிங் கூடத்தின் நடுவே நடந்தாள். வசந்தா டேப் ஒட்டுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "இன்னா பி.எஸ்ஸி, கல்ல தூக்கிகினு எங்க போற?"

"ஊட்டுக்கு. நாளைக்கு காலேஜுக்கு."

"அத்தோடயா?" யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உள்ள வுடுவானா?"

"தெர்ல. டேபிள் மேல வெச்சிட்டு, இன்னா நடந்துச்சோ அத்த சொல்லுவேன். வேணாம்னா, அவங்க வாயால சொல்லட்டும்."

வசந்தா என்னவோ சொல்ல வாயெடுத்து, ஆபீஸ் அறை வாசலில் முதலாளி நிற்பதைப் பார்த்து டேப்பை இழுத்தாள்.

வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதா வேண்டாமா என்று உள்ளே பார்த்தான். அவளே தோளால் தள்ளித் திறந்தாள். பூந்தமல்லி போகிற பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். லாரிகள் ஓயவில்லை. பலகையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, இடைவெளி கிடைத்ததும் ரோட்டில் இறங்கினாள்.