மடங்காத முட்டி

லூர்துவின் முதல் சர்வீஸ் இடி. அது வலையில் சிக்கிவிட்டால் இரண்டாவதாகப் போடுவது வெறும் பிச்சை. பயந்து பயந்து தட்டிவிடுவான். எதிராளி ஏறி வந்து நொறுக்குவான். ராயபுரத்தில் ஒரு கரிக் கம்பெனியின் மண் டென்னிஸ் கோர்ட்டில் பந்து பொறுக்கிப் போட்டே ஆட்டம் பழகிய தினக்கூலி அவன்.

வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று ஊரே கொடியேற்றி இரண்டு வருஷமாகியும் அந்தக் கம்பெனி துரை மட்டும் போகவில்லை. அவருக்கு டென்னிஸ் பைத்தியம். டீம் கேப்டனான குமாஸ்தா ஜார்ஜைக் கூப்பிட்டு, லூர்துவுக்கு இரண்டாவது சர்வீஸைக் கற்றுக்கொடு, அது கைவந்துவிட்டால் ஸ்டோரில் காலியாக இருக்கும் நிரந்தர வேலை அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அந்த வேலைக்காகத்தான் ஜார்ஜின் மச்சான் அருள்பிரகாசம் அவன் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

"கரி தூக்கறவனுக்கு வேலை, என் தம்பிக்கு நாமமா?" என்று ஜார்ஜின் பெண்டாட்டி ஐரீன் சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள். "அதுக்கு நீயே போய் கத்துக்குடுத்துகினு வர்றியே, வெக்கமா இல்ல?"

"மாட்டேன்னா துரை என்னைத் தூக்கிடுவான். கத்துக்குடுக்கறேன். நீ பாத்துகினே இரு."

குழி பறிக்கிறவன் கடப்பாரையோடுதான் வருவான் என்று நினைப்பவன் மடையன். ஜார்ஜ் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பந்தைத் தலைக்கு மேல் எறி. நெருப்புக்குச்சி கிழிப்பது போல மட்டையால் கீழிருந்து மேலே உரசு. பந்து சுழன்றுகொண்டே வலைக்கு மேல் உயரப் போய், சட்டென்று விழுந்து, எதிராளியின் தோளுக்கு எகிறும். அத்தனையும் நிஜம். முட்டியை மடக்கிக் காலால் உந்தி எழும்ப வேண்டும் என்ற ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டான். காலை விறைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் வளைத்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். சட்டைக்குள் இடுப்பு வலிக்காக அவன் கட்டியிருந்த தோல் பட்டை அப்படி வந்ததுதான்.

"காலு மடங்கக் கூடாதுடா. வில்லு மாதிரி வளை. இன்னும் வளை!"

"இடுப்பு வலிக்குது மாஸ்டரு."

"கரிக்கூடை தூக்கறப்ப வலிக்கலியா? இன்னாடா, புள்ளத்தாச்சி மாதிரி மொனகுற?"

காலையில் வளைந்தான்; பகலெல்லாம் கூடை சுமந்தான்; சாயங்காலம் மறுபடி வளைந்தான். மழைக்காலம் முடிவதற்குள் பந்து எகிறத் தொடங்கிவிட்டது. துரையே எதிரே வந்து நின்று பார்த்தார். எகிறிய பந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டது. மனுஷனுக்கு ஒரே சிரிப்பு. நாளைக்கே டாக்டரைப் போய்ப் பார், அவர் தேறினான் என்று சொன்னதும் வேலையில் சேர் என்றார்.

நிரந்தர வேலை என்றால் டாக்டர் சோதிக்காமல் விடமாட்டார் என்பது ஜார்ஜுக்குத் தெரியாததா?

டாக்டர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சைத் தட்டினார், குனிந்து தரையைத் தொடச் சொன்னார். லூர்து தொட்டான். நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். ஸ்டோர் வேலை போயிற்று. இந்த முதுகு கூடைக்கும் ஆகாது என்று மேஸ்திரி கூலியையும் நிறுத்திவிட்டான்.

அருள்பிரகாசம் ஸ்டோர் நாற்காலியில் உட்கார்ந்த வாரம், லூர்து சுவரைப் பிடித்துக்கொண்டே ஜார்ஜின் வாசலுக்கு வந்தான். கையில் வாழையிலையில் சுற்றிய வஞ்சிரம்.

"உங்களுக்குத்தான் மாஸ்டரு. இவ்ளோ பொறுமையா யாரு சொல்லிக் குடுப்பாங்க? என் ஒடம்புதான் ஏமாத்திடுச்சு. இடுப்பு சரியானா மறுபடி வரட்டுமா?"

ஜார்ஜ் மீனை வாங்கினான். செவுளைத் தூக்கிப் பார்த்தான். நல்ல சிவப்பு.

"வா," என்றான். "நீ இன்னும் கொஞ்சம் வளையணும்."