கூட்டுப் பெட்டிக்கு இரண்டு தட்டுகள்

ஜைனுதீனின் கால் விரல்கள் இரண்டை மருத்துவர்கள் எடுத்த மறுநாள்தான், அவர் மனைவி ரஷீதா கூட்டுப் பெட்டியின் மூடியை முதன்முதலாகத் திறந்தாள். ரெம்பியா ஊரில் அவர்கள் வீட்டின் பின்கட்டில் கம்பிக் கூண்டும், அதன் பக்கத்தில் மாட்டிய, குஞ்சு பொரிக்கும் பலகைப் பெட்டியும் ஏழு வருடமாக இருக்கின்றன. மஞ்சள் கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமுமாக ஒரு ஜோடி காக்டீல் கிளிகள். மளிகைக் கடையை அடைத்துவிட்டு வந்தால் ஜைனுதீனுக்கு அவைதான் உலகம். ரஷீதாவுக்கு அந்தப் பக்கம் போவதே பிடிக்காது.

"குஞ்சு நாலு இருக்கு. பெட்டியச் சுத்தமா வச்சுக்க ரஷீதா. அது போதும்," என்று அவர் அறுவைக்குப் போகும் முன் சொல்லியிருந்தார். சர்க்கரை நோய் அவரை ஒடுக்கிப் போட்டிருந்தது. அறுவைக்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. கஞ்சியைத் தள்ளி வைத்தார். குஞ்சுகளைப் பற்றி மட்டும் கேட்டார்.

பெட்டிக்குள் மரச்சீவல் ஈரமும் எச்சமுமாகக் கட்டிப் போயிருந்தது. மஞ்சள் பஞ்சு முளைத்த நான்கு குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. மூத்ததற்கு ஒன்பது நாள், கடைசிக்கு மூன்று நாள்.

சுத்தம் என்றால் என்ன என்பதில் ரஷீதாவுக்குச் சந்தேகமே கிடையாது. எச்சம் நஜீஸ்; தொழுகைக்கு ஆகாத அசுத்தம். அது போக வேண்டுமென்றால் தண்ணீர் ஓட வேண்டும். குஞ்சுகளை ஒரு துண்டில் வைத்துவிட்டு, பெட்டியைக் குழாயடிக்குக் கொண்டு போனாள். தேய்த்தாள், மூன்று முறை தண்ணீர் விட்டு அலசினாள், துணியால் துடைத்தாள். மெத்தைக்குப் பழைய பருத்தித் துண்டை மடித்து வைத்தாள். தொழுகைப் பாயை விரித்தது போல ஒரு நிறைவு. மறுநாளும் அப்படியே செய்தாள். நவம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆண் கிளி பெட்டிக்குள் இல்லை. பகலில் குஞ்சுகளின் மேல் உட்கார வேண்டியது அதுதான். கம்பியின் ஓரத்தில் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ரஷீதா மூடியைத் திறந்து கையை விட்டாள். கடைசிக் குஞ்சு குளிர்ந்து விறைத்திருந்தது. மற்ற மூன்றும் சத்தம்கூட எழுப்பவில்லை.

இறந்த குஞ்சை ஒரு துணியில் சுற்றி, செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்தாள். மற்ற மூன்றையும் கூடையில் துண்டு சுற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

"நாலும் நல்லா இருக்கா?" ஜைனுதீன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

வாய் முந்திக்கொண்டது. அவர் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவுதான் அவளை வதைத்தது. கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பிற்பகல் அஸர் தொழுகையில் நின்றபோது, இரண்டாவது ரக்அத்தா மூன்றாவதா என்பதே மறந்துபோனது. உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் மிச்சம் மூன்றும் போய்விட்டால் என்ன சொல்வது? இந்த மனுஷனைக் கட்டிலிலிருந்து எழுப்ப வேறு எதுவும் இல்லையே.

மரச்சீவலில் கிடந்தவரை அவை நன்றாகத்தானே இருந்தன? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வேலிக்கு வந்தாள்.

அங்கே சிவசாமி அலமாரி செய்கிற பட்டறை வைத்திருந்தார். அவருடைய மெஷினிலிருந்து கிளம்பும் மரத்தூள், ரஷீதா துவைத்துப் போட்ட தொழுகை உடைகளில் படியும். மூன்று வருடச் சண்டை அது. கொஞ்ச நாளாக முகத்துக்கு முகம் பார்ப்பதுகூட இல்லை.

"அண்ணே," என்றாள்.

சிவசாமி மெஷினை நிறுத்தினார். "வா தங்கச்சி. இன்னிக்குத் தூளு எதுல விழுந்துச்சு? சோத்துலயா?"

"தூளு கேட்டுத்தான்ணே வந்திருக்கேன்."

அவர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எம் பொண்டாட்டிகிட்ட சொன்னா நம்ப மாட்டாள்லா!"

ரஷீதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. பெட்டியை நீட்டி நடந்ததைச் சொன்னாள். சிவசாமி சிரிப்பை விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் விரலை அழுத்திப் பார்த்தார். பலகை ஊறி உப்பியிருந்தது.

"பிளைவுட்ல தண்ணி ஊத்துனா சும்மா காயுமா? மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஊறிக் கெடக்கும். குஞ்சு ஐஸ் மேல படுத்த கதைதான். இப்ப எங்க குஞ்சு?"

"கூடையில. துண்டு சுத்தி."

"துண்டு மட்டும் பத்தாது." உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் போத்தலில் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தார். "துணியில சுத்தி அதுங்க பக்கத்துல வை. ஒட்ட வைக்காத, சுட்டுரும். பெட்டிய சுரண்டி எடுத்துட்டு, காஞ்ச சீவல் போட்டா முடிஞ்சிச்சு தங்கச்சி. தண்ணியே வேண்டாம்."

ரஷீதா தயங்கினாள். "சுரண்டினா அழுக்குப் போகும்ணே. நஜீஸ் போகாது. தண்ணி படாம அது சுத்தம்னு என் மனசு ஒத்துக்காது. அந்தக் கையோட நான் எப்படித் தொழப் போறது?"

சிவசாமி வாதாடவில்லை. மாரியம்மன் படத்துக்கு விளக்கு வைக்காமல் மெஷின் ஸ்விட்சைத் தொடாத மனிதர் அவர். இன்னொருவரின் சுத்தத்தை அளக்கத் தன் அளவுகோல் உதவாது என்று அவருக்குத் தெரியும். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

"சரி, கழுவு. நல்லாக் கழுவு. ஆனா குஞ்சு படுத்திருக்கிற பலகைய கழுவாத."

"அப்படின்னா?"

"அடிப்பலகை கழட்டி மாட்டுற மாதிரி ரெண்டு தட்டு செஞ்சு தாரேன். ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கட்டும். இன்னொண்ண நீ மூணு தடவை இல்ல, முப்பது தடவை அலசிக்க. ரெண்டு நாள் நல்லாக் காயணும். அப்புறம் மாத்திப் போடு."

போத்தலை வைத்துவிட்டு ரஷீதா திரும்பி வந்தபோது, அவர் ஊறிய பலகைகளைப் பிரித்துப் போட்டிருந்தார். வாசல் ஓட்டை இருந்த முன்பலகையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தார். அது அவ்வளவாக நனையவில்லை.

"வாசலை மாத்தக்கூடாது. பறவை அதத்தான் அடையாளம் வச்சிருக்கும்," என்றார். மற்றப் பக்கங்களுக்கும் தட்டுகளுக்கும், சாமான் வந்து இறங்கிய பெட்டிகளின் பைன் பலகையை அறுத்தார். சாயமோ பாலிஷோ படாத மரம். "தூளு வேணாம், குஞ்சு மூக்குல ஏறிடும். இந்தா, இழைப்புளியில வர்ற சுருள். ரெண்டு விரல் கனத்துக்குப் போடு." ஆணி அடித்தபடியே சொன்னார்: "உங்க வீட்டு ஆம்பளக் கிளி இருக்கே, அது என் டிரில்லு மாதிரியே விசிலடிக்குது. ரெண்டு தடவ மெஷின் தானா ஓடுதுன்னு எந்திரிச்சுப் போயிருக்கேன்லா."

இந்த முறை ரஷீதாவும் சிரித்தாள்.

ஆறு மணிக்குப் பெட்டி கூண்டில் ஏறியது. குஞ்சுகள் வெதுவெதுப்பாகியிருந்தன. மூத்தது மெல்லக் கழுத்தைத் தூக்கியது. ரஷீதா அவற்றைச் சுருளின் நடுவே வைத்து, தள்ளி நின்றாள். ஆண் கிளி வாசலுக்கு வந்தது, எட்டிப் பார்த்தது, கம்பிக்கே திரும்பிவிட்டது. பெண் கிளி அசையவே இல்லை. அரை மணி நேரம் போனது. அவள் உதடு துஆ ஓதிக்கொண்டே இருந்தது. அந்தி மக்ரிப் பாங்கு கேட்பதற்குச் சற்று முன் ஆண் கிளி மறுபடி வாசலுக்கு வந்து, உள்ளே தலையை விட்டு, பிறகு முழு உடம்பையும் நுழைத்தது. கொஞ்ச நேரத்தில் பசியெடுத்த குஞ்சுகளின் கரகரச் சத்தம் பெட்டிக்குள்ளிருந்து கேட்டது.

காலையில் திறந்து பார்த்தாள். மூன்றின் கழுத்துப் பைகளும் தீனியால் புடைத்திருந்தன.

மதியம் கட்டிலருகே உட்கார்ந்து, ஜைனுதீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மூணுதான் இருக்கு. கடைசிக் குஞ்சு என்னாலதான் போச்சு." கழுவியதையும் சிவசாமியிடம் போனதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் கண்ணைத் திறந்து அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "மொத வருஷம் நான் மூணு குஞ்ச சாகடிச்சேன்," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"டெட்டால் போட்டுக் கழுவினேன். உனக்குத் தெரியாமப் புதைச்சேன். தெரிஞ்சா கூண்டையே வித்துப்புடுவன்னு பயம். சுத்தமா வையின்னு உன்கிட்ட சொல்லத் தெரிஞ்ச எனக்கு, எப்படின்னு சொல்லத் தோணல. ஆறு வருஷமா மறைச்சதால வந்த வினை இது. உன் மேல தப்பு இல்ல."

ரஷீதா அவர் கையை விடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் மன்னித்தார்கள்.

"ரெண்டு தட்டா?" அவர் திடீரென்று கேட்டார். "எப்படிச் செருகுறது? பக்கவாட்டிலயா, பின்னாலயா?"

"பின்னால. கொக்கி வச்சுக் கொடுத்திருக்காரு."

"எனக்கு ஏன் இது தோணல!" தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "அந்தக் கஞ்சிய எடு. சிவசாமியை நேர்ல பாக்கணும். எப்ப விடுவாங்கன்னு அந்த நர்ஸம்மாகிட்ட கேளு."

பன்னிரண்டு நாள் கழித்து அவர் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். ரஷீதா பின்கட்டில் அவருக்கு நாற்காலி போட்டாள். இறகு முளைத்த மூன்று குஞ்சுகளையும் கூடைக்கு மாற்றி, அழுக்குத் தட்டை உருவி, காய்ந்த தட்டைச் செருகி, சுருளைப் பரப்பினாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. ஜைனுதீன் கூடையின் மேல் குனிந்தபோது மூன்றும் கொண்டையை விறைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சீறின.

"பாத்தியா, என்னை யாருன்னே தெரியல இதுங்களுக்கு."

"பழகிக்கும்," என்றாள் ரஷீதா. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பெட்டிக்குள் விட்டாள். அவள் மூடியைச் சாத்துவதற்குள் ஆண் கிளி வாசல் வழியாக உள்ளே போய்விட்டது.