வரிசையில் நின்ற போன்

யோசனை என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டாம்.

கெர்மிட் ஊர்ப் பக்கத்து மணல் குவாரியில் லோடு ஏற்றி, ஓர்லாவைத் தாண்டியிருக்கும் எண்ணெய்க் கிணறுகளில் கொண்டுபோய் இறக்குவது எங்கள் பிழைப்பு. தண்ணீரோடு மணலையும் கலந்து உள்ளே அழுத்திப் பாறையைப் பிளக்கிறார்கள். மணல் நின்றால் வேலை நின்றுவிடும் என்ற பயத்தில் முன்பெல்லாம் நாற்பது லாரிகளை வரவழைத்து வெயிலில் காயப்போடுவார்கள். போன வருஷம் அதைச் சீர்திருத்துகிறோம் என்று கிளம்பினார்கள். ஒவ்வொரு டிரைவர் போனிலும் ஒரு ஆப். கிணற்றைச் சுற்றி இரண்டு மைலுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி. போன் அந்த வேலியைத் தாண்டினால் வரிசை எண் விழும்.

லாரி எங்கே இருக்கிறது என்று அந்த ஆப்புக்குக் கவலையில்லை, போன் எங்கே என்றுதான் கவலை. இது புரிய எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. எவனுக்காவது டயர் இறங்கினால், வயிறு சரியில்லை என்றால், முன்னால் போகிறவனிடம் போனைக் கொடுத்துவிடுவான். லாரி பின்னால் வரும், இடம் முன்னால் காத்திருக்கும். இந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் நான். ஊரெல்லாம் சொல்லிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன், வெட்கம் கெட்டவன்.

அந்த ஜூலைக் காலையில் நிக்கானோரின் லாரியில் பின் டயர் இறங்கியிருந்தது. நிக்கானோர் என் தங்கை எல்வீராவின் புருஷன். நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம், எல்வீரா சுருட்டிக் கொடுக்கும் முட்டை புரீட்டோ ரொட்டியை ஒன்றாகத்தான் தின்போம்.

“போனைக் குடு மாப்ள. நீ காத்தடிச்சுட்டு மெதுவா வா. உன் இடத்தை நான் பாத்துக்கறேன்,” என்றேன்.

“உன் தங்கச்சி கூப்பிட்டா எடுத்துத் தொலைக்காதே மச்சான். கூட இல்லன்னு தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா.”

இடது சட்டைப்பையின் பட்டனைக் கழற்றிப் போனை நீட்டினான். காலிப் பைக்கு மறுபடி பட்டன் போட்டுக்கொண்டான். எதையும் மூடி வைத்தால்தான் அவனுக்கு நிம்மதி. காலிப் பைக்கு என்னடா பூட்டு என்று கிண்டல் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதரைக்கு வேலியைத் தாண்டினேன். என் போனுக்கு ஏழு, அவன் போனுக்கு எட்டு. பத்துக்குள் வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். பத்துக்குப் புழுதிக்காற்று கிளம்பி, பக்கத்து லாரிகூட மங்கலாகத் தெரிந்தது. பத்தரை ஆயிற்று, ஆள் வரவில்லை. முன்பு லாரிக்கு லாரி பேசிக்கொள்ள ரேடியோ இருந்தது. இந்த ஆப் வந்த பிறகு அது எதற்கு என்று எல்லோரும் கழற்றி எறிந்திருந்தோம்.

எல்வீரா இரண்டு தடவை கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் சிரித்துச் சிரித்து அணைந்தது. நான் எடுக்கவில்லை.

அடுத்தவன் போனை வைத்திருந்தது தெரிந்தால் இரண்டு பேருக்கும் அந்தக் கம்பெனியின் எந்தக் கிணற்றிலும் இனி வேலை கிடையாது. அதனால் இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் இன்னொரு பத்து நிமிஷம். பதினொன்றேகாலுக்கு, இறக்கத் தயாரா என்று ஏழாம் எட்டாம் எண்களைச் சேர்த்துக் கேட்டு இரண்டு போனும் கத்தின. இரண்டிலும் ‘வருகிறேன்’ என்ற பொத்தானை அழுத்தினேன். என் கைதான் அழுத்தியது, வேறு யாருமில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மிட்லாண்ட் ஆபீசில் லாரிகளைக் கவனிக்கும் டார்லாவைக் கூப்பிட்டேன். நிக்கானோரைக் காணவில்லை என்றதும் அவள் சிரித்தாள்.

“உங்க பக்கத்துலதானே நிக்கிறாரு. திரையில பச்சையா காட்டுதே.”

“அது போனும்மா. என் மடியில இருக்கு. ஆளு வரலை.”

அவள் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

“பால்டோ, பத்தேகாலுக்கு ஒரு தண்ணி லாரிக்காரர் போன் பண்ணாரு. அந்தக் காஞ்ச ஓடையில மணல் லாரி ஒண்ணு கவுந்து கிடக்கிற மாதிரி இருக்கு, புழுதியில சரியா தெரியலைன்னாரு. நான் எண்ணிப் பாத்தேன். நம்ம பதினாலு லாரியும் வேலிக்குள்ள இருந்துச்சு. போன வாரம் அங்க கவுந்த வேற கம்பெனி லாரியா இருக்கும், நம்மளுது இல்லன்னு சொல்லிட்டேன்.”

லாரியைத் திருப்பினேன். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். வேலியைத் தாண்டியதும், உங்கள் இடம் போய்விட்டது என்று இரண்டு போனும் சேர்ந்து சொல்லின. பதினொரு மைல். மண் ரோட்டில் முழு லோடோடு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாதாவே, போன வாரத்து லாரியாக இருக்கட்டும், போன வாரத்து லாரியாக இருக்கட்டும் என்று வாய் ஓயாமல் வேண்டிக்கொண்டே போனேன்.

ஓடையில் இரண்டு லாரிகள் கிடந்தன.

அவனுடையது பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. தொட்டி கிழிந்து, கண்ணாடி வழியாக மணல் இடுப்பு வரை உள்ளே ஏறியிருந்தது. கையாலேயே வாரி வாரிக் கொட்டினேன். அந்த வெயிலில் மணலும் சுட்டது, இரும்பும் சுட்டது, அவன் கழுத்தும் சுட்டது. ஆனால் மூச்சு இல்லை. விழுந்ததும் சாகவில்லை அவன். பக்கத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் சொட்டு மிச்சமில்லாமல் காலியாக இருந்தது. குடித்துவிட்டு மூடியைத் திருகி வைத்திருந்தான்.

சட்டைப்பையின் பட்டன் மட்டும் திறந்திருந்தது. இரண்டு விரல்கள் பைக்குள் இருந்தன.

ஆம்புலன்ஸ் கேட்டு டார்லாவைக் கூப்பிட்டேன்; பெக்கோஸிலிருந்து வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றாள். மணலில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

“ஏங்க, காலையிலேருந்து எத்தனை தடவைங்க அடிக்கிறது?”

“எல்வீரா, அண்ணன் பேசுறேன்மா. அவன் போன் என்கிட்டதான் இருக்கு.”

“அதானே பாத்தேன். பக்கத்துலயே இருந்துக்கிட்டு எடுக்க மாட்டேங்கிறாரு பாருண்ணே,” என்றாள். “குடு அவருகிட்ட.”