வலது பக்கம் நின்றவள்

தோற்றதைப் பற்றிக் கடைக்காரி ஒரு நாளும் புலம்பியதில்லை. நியாயமாகத் தோற்றவளுக்குப் புலம்ப என்ன இருக்கிறது? தெருவில் எல்லோரும் அவளைக் கடைக்காரி என்றார்கள், அவளுடைய தம்பியை என்ஜினியர் என்றார்கள். இரண்டு பட்டமும் ஒரே சாயங்காலத்தில், ஒரே வீடியோ கேம் மெஷினுக்கு முன்னால் முடிவானவை.

இருவரும் இரட்டைப் பிள்ளைகள். பத்து நிமிடம் முன்னால் பிறந்த உரிமையில் அவள் அக்கா. அப்பா வைத்திருந்தது வீடியோ கேம் கடை. மெஷின் பழுதானால் அவரே பிரித்து மேய்ந்துவிடுவார். பள்ளி முடிந்த வருடம் இருவருக்கும் வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒருவர் போகலாம், ஒருவர் கடையில் நிற்க வேண்டும் என்ற நிலை.

"எனக்கு ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு. யாரைப் போ, யாரை இருன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீங்களே ஆடித் தீர்த்துக்குங்க" என்றார் அப்பா.

சண்டை ஆட்டம், மூன்று ரவுண்டு. அதில் அக்காவை ஜெயிக்க அந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது. தம்பி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை கடைக்கு வருகிற பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்கு என்னவோ அவள் கை ஓடவில்லை. கடைசி ரவுண்டில் தம்பியின் உயிர்க்கோடு மயிரிழை மிச்சமிருக்க, அவளுடைய ஆள் மல்லாந்து விழுந்தான். பதற்றத்தில் சொதப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அப்பா மெஷினுக்குள் இருந்த அந்த ஆட்டத்தின் சர்க்யூட் போர்டைக் கழற்றி, பழைய துணியில் சுற்றி அலமாரி மேல் போட்டுவிட்டார். பார்த்துப் பார்த்து மகள் மனசு வேகக் கூடாது என்றுதானே எடுத்தார் என்று அவள் உருகிப்போனாள். படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்தில், அவள் சாப்பாடு ஊட்டும்போதெல்லாம், "நீ தோத்தது என் அதிர்ஷ்டம்மா" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே வாயைத் துடைத்துவிடுவாள்.

கேம் கடை போய் இப்போது அங்கே பிரிண்டும் ஜெராக்ஸும் ஓடுகின்றன. மூலையில் மிஞ்சியிருந்த ஒரே மெஷினின் வயிற்றில் கம்ப்யூட்டரை வைத்து, பழைய மெஷினைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் என்ற புரோகிராமைப் போட்டுப் பழைய ஆட்டங்களை ஓட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. ஜெராக்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஆடுவார்களே! முதலில் ஓட வேண்டியது அந்த ஆட்டம்தான், அதுவும் நம் கடை போர்டிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம். பக்கத்துத் தெரு மெக்கானிக் போர்டின் சிப்களை ஒவ்வொன்றாகப் படித்து, கோப்புகளாக்கிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

"எல்லா சிப்லயும் கம்பெனி ஸ்டிக்கர் இருக்குக்கா. ஒண்ணுல மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்" என்றான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டப் பார்த்தால் எமுலேட்டர் முரண்டு பிடித்தது. பாதிக் கோப்பைக் காணோம் என்றது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அது வெர்ஷன் தகராறுக்கா. எமுலேட்டர்ல புது வெர்ஷன் வரும்போது கோப்போட பேரை எல்லாம் மாத்திடுவாங்க. உன் மெக்கானிக் ஏதோ பழைய பட்டியலைப் பாத்துப் பேர் வச்சிருப்பான். அந்தப் பட்டியல் எந்த வெர்ஷனோ, அதே எமுலேட்டரை இறக்கு. கோப்பெல்லாம் கட்டின ஜிப்பைப் பிரிக்காம அப்படியே போடு."

அவன் சொன்னபடி செய்தாள். இந்த முறை ஒரே ஒரு முணுமுணுப்புதான் வந்தது. ஒரு கோப்பின் சரிபார்ப்பு எண் அசல் ஆட்டத்தினுடையதோடு பொருந்தவில்லை, ஆனாலும் ஓட்டவா என்று கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு பொருந்தலடா. சிப் கெட்டுப்போச்சோ?" என்று மறுபடி போன் போட்டுக் கேட்டாள்.

"எந்த ஆட்டம்?"

"நம்ம ஆட்டம்தான். அலமாரி மேல கிடந்துச்சே, அந்த போர்டு."

"அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுடு. சரியானதை நான் அனுப்பறேன். அதை ஓட்டிப் பாக்காதே" என்றான் அவசரமாக.

ஓட்டிப் பார்க்காதே என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அவன் அனுப்பியதை ஒரு பக்கம், கடைக் கோப்பை ஒரு பக்கம் வைத்தாள். வேறு நாட்டுப் பதிப்பாக இருக்குமோ என்று கடைக் கோப்பின் எண்ணை இணையத்தில் இருந்த எல்லாப் பதிப்புகளோடும் ஒப்பிட்டாள். உலகத்தில் எந்தப் பதிப்பிலும் அந்த எண் இல்லை.

தம்பி அனுப்பிய கோப்பில் வலது ஆள் குத்தினால் இடது ஆளின் உயிர்க்கோடு ஒரு விரல் அகலம் குறைந்தது. கடைக் கோப்பில் அதே குத்துக்கு அரை விரல்தான் குறைந்தது. இடது ஆளைக் குத்தவிட்டுப் பார்த்தாள். இரண்டிலும் முழு விரல்.

அன்று அவள் நின்றது வலது பக்கம்.

கறுப்பு டேப் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறுந்த வயரிலிருந்து உடைந்த மூக்குக்கண்ணாடிக் காம்பு வரை அந்த டேப்பைச் சுற்றுகிற மனிதர் அந்த வீட்டில் ஒருவர்தான். சிப்பில் இருப்பதை மாற்றி எழுதுகிற கருவியும் அவரிடம்தான் இருந்தது. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"உனக்கு எப்போடா தெரியும்?" என்றாள் போனில்.

"அக்கா..."

"எப்போ தெரியும்னு கேட்டேன்."

"'நீ இடது பக்கம் நில்லு'ன்னு அப்பா சொன்னார். ஏன்னு நான் கேக்கல. ரெண்டாவது ரவுண்டுல நீ அடிச்ச அடிக்கு நான் விழுந்திருக்கணும். விழல. அப்போ புரிஞ்சுது."

"புரிஞ்சும் அடிச்சே."

"எனக்கும் போகணும்னு இருந்துச்சுக்கா. நீ போனா திரும்பி வரமாட்டேன்னு அப்பாவுக்கு பயம். நான் இருந்து என்ன பண்ணப்போறேன், நீ இருந்தாதான் கடைசி வரைக்கும் அவரைப் பாத்துக்க ஆள் இருக்கும்னு அப்புறமா சொன்னார்."

"பாதி அடியிலயே உன்னை மூணாவது ரவுண்டு வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கேன்டா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அதிர்ஷ்டமாம் அதிர்ஷ்டம்! எத்தனை முறை சொல்லியிருப்பார், அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே! தம்பி ஏமாற்றியதையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். திட்டினால் வாங்கிக்கொள்ள அவன் இருக்கிறான். இல்லாமல் போன மனிதரை என்ன செய்வது? அவர் நல்லவர் என்ற நம்பிக்கையில்தானே இத்தனை காலம் மனம் கோணாமல் கடையைத் திறந்தாள்? அந்த நம்பிக்கையையும் அவரே எழுதி, அவரே டேப் ஒட்டி வைத்திருக்கிறார். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

பட்டப்பகலில் ஷட்டரைப் பாதி இழுத்தாள். ஜெராக்ஸுக்கு வந்தவர் வாசலில் திகைத்து நின்றார்.

"என்னம்மா, இந்த நேரத்துல கடையைச் சாத்தறீங்க?"

"சாத்தறேன். நான் போகணும்."

"எங்கே?"

பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். போக வேண்டிய இடத்துக்குப் போகும் வயது எப்போதோ தாண்டிவிட்டிருந்தது.