சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க

சியாமளா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடாத குறையாக நடந்தாள். முந்தானைக்குள் போன். காதில் இயர்போன். அதற்குள் அந்தக் குரல்.

"லைனை கட் பண்ணினால் ராகவன் இன்றைக்கே ஜெயிலில். புரிகிறதா?"

"பண்ண மாட்டேன் சார்."

"ஏய், எங்கேடி போறே? குரூப் போட்டோ எடுக்கணும்!" பின்னாலிருந்து ராஜம் கத்தினாள். கல்பாக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி. மாமல்லபுரத்தை ஒரு நாள் நடந்தே சுற்றிப் பார்ப்பது என்று தெருப் பெண்களைத் திரட்டி வந்தவள் அவள்தான்.

"பாத்ரூம்!"

"சீக்கிரம் வா! அதுக்குள்ள வெண்ணெய் உருண்டை உருண்டுடப் போறது!"

எல்லோரும் சிரித்தார்கள். சியாமளாவின் உள்ளங்கை வியர்த்து போன் வழுக்கியது.

அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்கும்போது வந்த கால். டெல்லி போலீஸ் அதிகாரி என்றான். புனேயில் வேலை பார்க்கும் மகன் ராகவன் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து. அவன் போன் எங்கள் கையில். விசாரணை முடியும்வரை நீங்கள் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. வீடியோவை ஆன் செய்ய வேண்டும். அவன் பக்கம் திரையில் சிங்க முத்திரை மட்டும்.

"தனியாக வந்துவிட்டீர்களா? கேமராவைச் சுற்றிக் காட்டுங்கள்."

காட்டினாள். பாறைச் சரிவு. பிரம்மாண்டமான அந்த உருண்டைக் கல். அதைத் தோள்கொடுத்துத் தாங்குவதுபோல் போஸ் கொடுக்கும் பொத்தேரி கல்லூரிப் பிள்ளைகள்.



"சார்?"

மூச்சு மட்டும் கேட்டது. குரல் திரும்பி வந்தபோது ஏனோ கரகரத்தது. "நடங்க. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி."

"எங்கே சார்?"

"கேள்வி கேட்காதீங்க!"

போனை மறுபடி முந்தானைக்குள் மறைத்து நடந்தாள். இப்போது கேமராவுக்குத் துணியைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் குரல் சொன்னது: "ராஜ வீதி வரும். சிலைக்கடை வாசலில் ஒத்தைக் கொம்பு நந்தி இருக்கும்."

இருந்தது.



"அப்புறம் ஒத்தவாடைத் தெரு. சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

சோத்தாங்கை! டெல்லி அதிகாரி வாயில் வருகிற வார்த்தையா அது? இவன் டெல்லியில் இல்லை. இங்கேதான், இதே தெருவில் எங்கேயோ நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இளநீர் வெட்டுகிறவன் நிமிர்ந்து பார்த்தான். ஸ்கூட்டரில் சாய்ந்திருந்தவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். சிவப்புத் தொப்பிக்காரன் அவளைத் தாண்டிப் போய், நின்றான். தெருவில் எல்லார் கையிலும் போன். இதில் எவன்?

இயர்போனில் தூரத்தில் யாரோ புரியாத மொழியில் சீறினார்கள். உடனே குரல் எகிறியது. "வேகமா! மகன் வேணுமா, வேணாமா?"

தெரு முடிந்து கடல் தெரிந்தது. மணலோரம் மீன் வறுவல் தள்ளுவண்டி. பின்னால் ஒல்லியாக ஒருத்தி. வண்டியடியில் ஒரு சின்னப் பெண் கிளிஞ்சல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா! வஞ்சரம் கீது, போடட்டா? இன்னா இப்டி வேர்த்துக் கொட்டுது உனுக்கு?"

"கேமராவை அவள் பக்கம் திருப்புங்க," என்றது குரல்.

அடுத்த பலி இவளா? இந்தக் குழந்தையா? நானே வழிகாட்டி அழைத்து வந்துவிட்டேனா?

"மாட்டேன். இவங்க யாரு? இவங்களை என்ன பண்ணப் போறே?"

"காட்டுங்க. உங்க மகனை விட்டுடறேன்."

ராகவனின் முகம் கண்முன் வந்தது. கை தானாகத் திரும்பியது. அதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

"யார்க்கா போன்ல? இன்னாத்துக்கு என்னைப் படம் புடிக்கிற?"

"குழந்தையை..." குரல் உடைந்தது. பிறகு முன்னைவிடப் பலமாக அதட்டியது. "ஸ்பீக்கரில் போடுங்க!"

போட்டாள்.

"உங்க புள்ள மேல கேஸே கெடையாதும்மா! எல்லாம் பொய்! ஒரு பைசா அனுப்பிடாத!" அதே மிரட்டல் தொனி. அதே உறுமல். "நான் கத்திகினேதான் பேசணும்! பின்னாடி கட்டையோட நிக்கிறவனுக்குத் தமிழ் தெரியாது! கொரல் எறங்குனா அடிப்பான்!"

வண்டிக்காரியின் கையிலிருந்த கரண்டி எண்ணெயில் விழுந்தது.

"ஆல்வினு?" சட்டென்று தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "யோவ்... எங்கய்யா கீற? பாங்காக்ல கம்ப்யூட்டர் வேலைன்னு போன மனுசன், இத்தினி மாசமா ஒரு போன்கூட இல்லாம..."

"பாங்காக் இல்ல ஜாய்ஸு!" சிங்க முத்திரைக்குப் பின்னாலிருந்து அதிகாரி கர்ஜித்தான். "காட்டுக்குள்ள ஒரு பில்டிங்கு! வேலைன்னு கூட்டியாந்து என்னை இவனுங்ககிட்ட வித்துட்டானுங்க!"