ஒரு ரெசிஸ்டர் குறைவு

பெட்டியை எடுத்துப்போகக் கார்த்திகேசன் சிதம்பரத்துக்கு வந்த அன்று, அதில் ஒரு ரெசிஸ்டர் குறைந்தது. அது இளமதிக்கு மட்டும்தான் தெரியும்.

கார்த்திகேசன் அவளுடைய அத்தை மகன். கடலூரில் மொபைல் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசிப்பான். மண்டபத்து ஸ்பீக்கரில் தன் கிட்டார் தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது என்று ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டான்.

"பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்ட ப்ரீஆம்ப் பொட்டியில வாசிச்சா சத்தத்துக்கே ஒரு சூடு வரும் மதி. வெலையக் கேட்டாத்தான் நமக்குச் சூடு ஏறுது."

இளமதி அப்போது இயற்பியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவள். அன்று என்ன தோன்றியதோ, "நான் செஞ்சு தரட்டுமா மாமா?" என்று கேட்டுவிட்டாள்.

மாடி அறையில் மூன்று மாதம் வேலை நடந்தது. வால்வுக்கு முந்நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை எளிதில் விட்டுவிடாது. இது தெரிந்தவள் என்பதால் தனக்கென்று சில விதிகள் எழுதி வைத்துக்கொண்டாள். ரப்பர் செருப்பு இல்லாமல் மேசை அருகே போவதில்லை. மின்சாரம் ஓடும்போது அளந்தால் இடது கை எதையும் தொட்டுவிடாமல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை உள்ளே விரல் வைப்பதில்லை.

"என்னம்மா, ஒரு கைய பின்னால கட்டிக்கினு நிக்கிற? வாத்தியார் யாராச்சும் தண்டன குடுத்துட்டாங்களா?" என்று அப்பா வாசற்படியில் நின்று கேலி செய்வார். அவரை அறைக்குள் விடமாட்டாள்.

பெட்டியை அணைத்ததும் தேங்கிய மின்சாரத்தைத் தானாக வடிக்க ஒரு ரெசிஸ்டர் போடவேண்டும். போட்டிருந்தாள். ஆனால் கையில் இருந்த கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டதில், அது சூடு தாங்காமல் கருகிப்போனது. அதை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு வாட்டில் ஒன்று வரவழைக்கக் கடையில் சொன்னாள். ஐந்து நாள் ஆகும் என்றார்கள். கார்த்திகேசன் மூன்றாம் நாளே குழுவின் வேனோடு வந்து நின்றான். மறுநாள் நெல்லிக்குப்பத்தில் கச்சேரி.

கூடத்திலேயே கிட்டாரை மாட்டி வாசித்துப் பார்த்தான். முதல் கம்பியைத் தட்டியதுமே அவன் முகம் மலர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"டேய் பக்கிரி, கேளுடா. என் மாமா பொண்ணு கையால செஞ்சது."

டிரம்ஸ் வாசிக்கும் பக்கிரி சொன்னான்: "பொட்டி நல்லாத்தான்டா இருக்கு. வாசிக்கிற ஆளத்தான் மாத்தணும்."

எல்லோரும் சிரித்தார்கள். இளமதி தூணோரம் நின்றிருந்தாள். அவளைப் பற்றி இத்தனை பேர் ஒரே நேரத்தில் நல்லதாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"மாமா, அதுல இன்னும்..." என்று தொடங்கினாள்.

கார்த்திகேசன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "என்னா மதி?"

கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் அவளைப் பார்த்தன.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அணைக்கும்போது ஸ்டாண்ட்பை சுவிட்ச மொதல்ல அணைங்க. அப்புறம் மெயின். பொட்டியத் தொறக்காதீங்க."

"நான் எதுக்குத் தொறக்கப்போறேன்? தொறந்தா மட்டும் எனக்கு என்னா தெரியப்போவுது?"

இரண்டு நாளில் ரெசிஸ்டர் வந்தது. 'பெட்டியை ஒருநாள் கொண்டு வாங்க மாமா' என்று செல்லில் எழுதினாள். செய்ததில் குறை என்று நினைப்பானோ என்று அழித்தாள். அடுத்த வாரமும் எழுதி அழித்தாள். அவன் கச்சேரிக்குக் கச்சேரி வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தான். இரண்டு மாதம் ஓடிவிட்டது. அவன்தான் திறக்கமாட்டானே என்று அவளும் ஆறிப்போனாள்.

ஆயுத பூஜை வருமென்பதை அவள் யோசிக்கவில்லை.

வீட்டில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் துடைத்து, பொட்டு வைத்து, ஒருநாள் ஓய்வு கொடுக்கிற நாள். கார்த்திகேசன் காலையில் கொஞ்ச நேரம் வாசித்தான். அவள் சொன்னபடியே ஸ்டாண்ட்பையை முதலில் அணைத்தான், பிறகு மெயினை. பிளக்கைப் பிடுங்கி, "பாத்துக்கம்மா, கரண்டு இல்ல" என்று அம்மாவிடம் காட்டினான். பைக் சாவி, தையல் கத்தரி, ஸ்பானர், அரிவாள்மனை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. அந்த வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே துடைத்ததோடு விடாமல் நாலு ஸ்குரூவையும் கழற்றினான். உள்ளேயும் தூசு இருக்கும் அல்லவா. ஈரத்துணி வலது கையில் இருந்தது.

ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டதில் பக்கவாட்டில் சாய்ந்தான். ஊன்றிக்கொள்ள நீட்டிய இடது கை அரிவாள்மனைமேல் விழுந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை நரம்பைத் தைத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இனி சரியாக மடங்காது என்றார்கள். கம்பியை அழுத்திப் பிடிக்கிற கை அது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். தொறக்காதன்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் தொறந்திருக்கான். இளமதி ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக் கடலூர் பஸ் ஏறினாள். புதுச்சத்திரம் தாண்டும்வரை வாக்கியங்களை மனத்துக்குள் அடுக்கினாள். ஆலப்பாக்கத்தில் அவை கலைந்துவிட்டன.

அத்தை புஷ்பவள்ளி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னக் கத்தி ஒன்று இருந்தது.

"அரிவாமனையத் தூக்கிக் குடுத்துட்டேன் மதி. கண்ணால பாக்க முடியல" என்றாள் அத்தை. "எப்பவும் சாச்சிதான் வெப்பேன். அன்னைக்குப் பொட்டு வெக்கணும்னு நிமித்தி வெச்சேன். புள்ள கையி போனது என்னாலதான். அவன் இல்லன்னுதான் சொல்றான். எனக்குத் தெரியாதா?"

மூன்று மாதமாக அத்தை இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள் என்பது இளமதிக்குத் தெரியாது.

"கொஞ்சம் கூடத்துக்கு வாங்க அத்தை" என்றாள்.

கார்த்திகேசன் நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் பந்தை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தான். "வா மதி. டாக்டரு இத ஒரு நாளைக்கு முந்நூறு தடவ அமுக்கச் சொல்றாரு. பந்துதான் எளைக்குது" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"பொட்டியில ஒரு ரெசிஸ்டர் போடல மாமா. அது இருந்திருந்தா, அணைச்ச கொஞ்ச நேரத்துல உள்ள இருக்கிற கரண்டு தானா வடிஞ்சிருக்கும். நீங்க தொறந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

பந்து நின்றது.

"நீ சொன்ன மாதிரிதானே அணைச்சேன்? ஸ்டாண்ட்பை மொதல்ல."

"அப்படி அணைச்சா வால்வுக்குப் போற வழி மொதல்லயே அடைஞ்சிடும். அதனாலதான் முழுசா உள்ள தங்கிடுச்சு. இல்லன்னா வால்வு வழியாவாச்சும் பாதிக்கு மேல போயிருக்கும். அந்த ரெசிஸ்டர் இருந்தா எப்படி அணைச்சாலும் பரவால்ல. அத மனசுல வெச்சித்தான் அப்படிச் சொன்னேன்."

"அது இல்லன்னு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

அவன் அவளையே பார்த்தான். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டனே மதி. வாசிக்கிறத நிறுத்திட்டு, என்னான்னு கேட்டனே."

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

அவளிடம் இருந்த காரணம் அது ஒன்றுதான். மூன்று மாதமாக உள்ளே பெரிதாகக் கிடந்தது, வெளியே வந்ததும் ஒன்றுமே இல்லாததாகத் தெரிந்தது.

கார்த்திகேசன் பந்தை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மடங்காத விரல் இரண்டும் நாற்காலியின் கைமேல் நீட்டியபடி இருந்தன.

"அப்ப நான் வெச்சதால இல்லியா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல அத்தை. ஷாக் அடிக்கலன்னா அவுங்க விழுந்தே இருக்கமாட்டாங்க."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, பெருமூச்சு விடுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "இத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம்" என்றாள். வைவதுபோல் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு வரியைத் திருத்துவதுபோல் இருந்தது.

இளமதி தலையசைத்தாள்.

அந்த வீட்டுக்கு எந்நேரம் போனாலும் ஒரு வாய் சாப்பிடாமல் அத்தை வெளியே விட்டதில்லை. அடுப்படியில் சோறு வெந்து, கஞ்சி பொங்கும் மணம் வந்துகொண்டிருந்தது. அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பன்னெண்டே காலுக்குச் செதம்பரம் வண்டி இருக்கும்" என்றாள். "இப்பக் கெளம்புனா புடிச்சிடலாம்."